குரலுக்கு ரிவெர்ப்: வார்த்தை கரையாமல் வைக்கும் வழி

"அண்ணே, கொஞ்சம் எக்கோ ஏத்துங்க." ஊர்த் திருவிழா மேடையில் பாட ஏறும் பலரும் மைக் செட்காரரிடம் முதலில் சொல்வது இதுதான். வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர்களும் அதே ஆசையோடுதான் ரிவெர்ப் பிளகினை, அதாவது குரலுக்கு முழக்கம் சேர்க்கும் துணை மென்பொருளைத் திறக்கிறார்கள். குரல் வறண்டு, இசையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ரிவெர்ப் போட்டதும் அதில் ஒரு மினுக்கு வருகிறது, உடனே இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று கை போகிறது. மறுநாள் காலையில் போனில் போட்டுக் கேட்டால், பாடியது என்ன வார்த்தை என்றே பிடிபடுவதில்லை.

தமிழில் பாடுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மலைக்கும் மாலைக்கும், படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாத்திரை நீளம்தான். ரிவெர்ப் செய்கிற வேலையே ஒலியை நீட்டுவது, அதனால் குறில் முடிந்த பிறகும் அதன் வால் தொங்கிக்கொண்டிருந்தால் காது அதை நெடிலின் பக்கம் இழுக்கப் பார்க்கும். வல்லின ஒற்றுக்கு இதைவிட மோசம். 'பத்து', 'அக்கா', 'கட்டு' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் மூச்சு அடைபட்டு ஒரு சின்ன மௌனம் வருகிறது. அந்த மௌனம்தான் அந்த எழுத்து, அதை ரிவெர்பின் வால் வந்து நிரப்பிவிட்டால் எழுத்தே காணாமல் போய்விடும். ராகத்துக்காக ஒரு எழுத்தை நீட்டிப் பாடுவது வேறு விஷயம், அது பாடுகிறவர் தெரிந்து செய்வது. பிளகின் அவரைக் கேட்காமலே நீட்டுகிறது. கீழே நான் சொல்லும் அத்தனை அமைப்புகளும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்: குரலைச் சுற்றி இடம் வேண்டும், வார்த்தையும் முழுசாக வந்து சேர வேண்டும்.

பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்கு ரீப்பரை எடுத்துக்கொள்கிறேன். நான் தினமும் புழங்குவது அதுதான், 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் தொடங்கியவர். இதோடு கூடவே வருகிற ரியாவெர்பேட், ரியாவெர்ப் (இரண்டும் ரிவெர்ப்), ரியாஈக்யூ (தொனிகளைக் கூட்டிக் குறைப்பது), ரியாகாம்ப் (சத்தத்தை அமுக்குவது) ஆகிய நான்கு பிளகின்களே இந்த வேலைக்குப் போதும், எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நீங்கள் கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஆடாசிட்டி என்று வேறு எதில் வேலை செய்தாலும் குமிழ்களின் பெயர்கள் ஏறக்குறைய இவைதான், படித்துவிட்டு அங்கே தேடிக்கொள்ளலாம்.

எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு

நம் ஊரில் இரண்டையும் எக்கோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் பெயர் தனியாகத் திரும்பி வருகிறதே, அது எக்கோ, பிளகின் பட்டியலில் அதற்கு டிலே என்று பெயர். கல் மண்டபத்தில் ஒரு தட்டு தட்டினால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பிரதிபலிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எது என்று பிரிக்க முடியாத ஒரே முழக்கமாகத் தேய்ந்து மறையும். அது ரிவெர்ப்.

எவ்வளவு நேரம் தேய்கிறது என்பதுதான் இதன் முதல் அளவு. ஒலி 60 டெசிபெல் குறைய எடுக்கும் நேரத்தை அந்த இடத்தின் முழக்க நேரம் என்பார்கள். இதை அளக்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபின். 1895இல் அங்கே ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரிடம் பிரச்சினையைக் கொடுத்தார்கள். அந்த அறையில் ஒலி தேய ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த பத்து வார்த்தை வந்துவிடும், பிறகு எப்படிப் புரியும்? பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். நாம் பிளகினில் குமிழைத் திருப்புவது அதே மெத்தையைப் போடுவதும் எடுப்பதும்தான்.

முதலில் அறை, அப்புறம் பிளகின்

பதிவான குரலில் உங்கள் அறையின் முழக்கம் ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எந்த ரிவெர்பும் சரியாக உட்காராது. ஒரு அறைக்குள் இன்னொரு அறை வைத்த மாதிரி இருக்கும். நம் வீடுகள் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, காலியான ஹால் என்று இருப்பதால் சாதாரணமாகப் பேசினாலே முழங்கும். பதிவுக்கு முன் ஒரு மெத்தையைத் தூக்கிப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் கெட்டியான போர்வை, தரையில் பாயோ ஜமுக்காளமோ, பீரோ நிறையத் துணி இருந்தால் கதவைத் திறந்து அதன் பக்கம் மைக்கின் முதுகு இருக்கும்படி நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் பிறகு பத்து மணி நேரம் பிளகினோடு மல்லுக்கட்டினாலும் சரியாகாது.

ரிவெர்பைக் குரல் டிராக்கிலேயே போடாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். குரல் டிராக்கில் (குரல் பதிவாகியிருக்கும் தடத்தில்) இருக்கும் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி, அங்கேயே ரிவெர்பைச் சேர்த்தால் குரல் முழுவதும் அதன் வழியாகப் போகிறது. வேலை செய்யும், தப்பில்லை. ஆனால் ரிவெர்புக்கு மட்டும் தனியாக அடித்தொனியை வெட்ட வேண்டும், அதை மட்டும் அமுக்க வேண்டும், ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏற்ற வேண்டும் என்றால் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். பின்பாட்டு நாலு டிராக் இருந்தால் நாலுக்கும் நாலு ரிவெர்ப், நாலு விதமான அறை, கம்ப்யூட்டரும் திணறும்.

அதற்குப் பதிலாக ரிவெர்புக்கென்றே ஒரு தனி டிராக் வையுங்கள். கன்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் புது டிராக் வரும், அதற்குக் 'கூடம்' என்று பெயர் வையுங்கள், நான் அப்படித்தான் வைக்கிறேன். அதன் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் ரியாவெர்பேட்டைத் தேடிச் சேருங்கள். இப்போது குரல் டிராக்கின் ரூட் பொத்தானைப் பிடித்து இழுத்துக் கூடம் டிராக்கின்மேல் விடுங்கள். சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் இருக்கும் ஃபேடர்தான் குரலிலிருந்து எவ்வளவு கூடத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்குத்தான் சென்ட் என்று பெயர். நேர்க்குரல் தன் வழியில் மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் கடைசியில் வந்து சேரும் இடத்துக்கு) போகும், அதன் ஒரு நகல் கூடத்துக்குள் போய் முழங்கிவிட்டுத் தனியாக மாஸ்டருக்கு வரும்.

ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கூடத்தில் இருக்கும் ரியாவெர்பேட்டில் டிரை (நேர்க்குரல்) என்ற ஸ்லைடரைக் கடைசி வரை கீழே இறக்கி மைனஸ் இன்ஃபினிட்டியில் விட்டுவிடுங்கள், வெட் (முழக்கம்) மட்டும் 0 டெசிபெலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நேர்க்குரலே இரண்டு தடவை வந்து சேரும், சத்தம் கூடும், ரிவெர்பைக் கூட்டுகிறோமா குரலைக் கூட்டுகிறோமா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

இப்படி வைப்பதில் எனக்கு நேர்ந்த ஒரு நன்மையைச் சொல்கிறேன். என் அத்தை பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிவு செய்திருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று மூன்று வினாடிக்கு மேல் நீளும் ரிவெர்ப் போட்டு அனுப்பினேன். கேட்டுவிட்டு, "கிணத்துக்குள்ள இருந்து யாரோ பாடற மாதிரி இருக்குப்பா, குழந்தை பக்கத்துல தானே தூங்குது" என்றார். அந்த வார்த்தை என்னை மொத்தமாக மாற்றியது. ரிவெர்ப் என்பது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் எத்தனை அடி தூரம் என்று சொல்லும் கருவி என்பது அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது. தொட்டில் பக்கத்தில் பாடும் குரலை நான் மண்டபத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டேன். நல்லவேளையாக ரிவெர்ப் தனி டிராக்கில் இருந்தது, குரல் சுத்தமாக அப்படியே இருந்தது, அரை மணி நேரத்தில் திருத்த முடிந்தது.

ரியாவெர்பேட்டின் குமிழ்கள்

ரூம் சைஸ் என்பது வாலின் நீளம். கூட்டக் கூட்ட முழக்கம் நீளும். தாள வேகம் கூடிய பாட்டுக்கு வால் ஒரு வினாடிக்குள் அடங்கினால் நல்லது, நிதானமான மெலடிக்கு ஒன்றரை வினாடி, தாளமே இல்லாமல் விருத்தம் பாடுகிறார்கள் என்றால் இரண்டரை வரைகூடப் போகலாம், ஏனென்றால் அங்கே வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடம் இருக்கிறது, முழக்கம் அந்த இடத்தில் அடங்கிக்கொள்ளும். இவை என் காதுக்குச் சரியாகப் பட்டவை. உங்கள் பாட்டுக்குச் சரிபார்க்கச் சுலபமான வழி, பல்லவியின் முதல் அடி முடிகிற இடத்தில் நிறுத்திக் கேட்பது. அடுத்த அடி தொடங்குவதற்குள் வால் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை என்றால் ரூம் சைஸைக் குறையுங்கள்.

டாம்பனிங் என்பது சபினின் மெத்தை. கூட்டினால் மேல்தொனிகள் சீக்கிரம் அடங்கும், துணியும் மனிதர்களும் நிறைந்த கூடம் மாதிரி ஒலி மிருதுவாகும். குறைத்தால் வெறும் கல்லும் ஓடும் இருக்கிற இடம் மாதிரி பளபளக்கும். குரலுக்குப் பாதிக்கு மேல் வைத்தே நான் தொடங்குவேன், காரணம் ச, ஸ, ஷ ஒலிகள். 'சொல்' என்பதில் வரும் சகரச் சீறலை மைக் ஏற்கெனவே கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் பிடிக்கிறது, அது டாம்பனிங் இல்லாத ரிவெர்புக்குள் போனால் ஒவ்வொரு சகரமும் தண்ணீர் தெளித்த மாதிரி பரவும்.

இனிஷியல் டிலே. மற்ற பிளகின்களில் இதற்குப் பிரீடிலே என்று பெயர். இந்தப் பதிவில் ஒரே ஒரு குமிழை நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நேர்க்குரல் வந்த பிறகு எவ்வளவு தாமதித்து முழக்கம் தொடங்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், ஆக 10 மில்லிசெகண்டுக்கு மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று பெரிய கூடத்தில் பாடினால் நேர்க்குரல் உடனே காதில் விழும், சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி தாமதித்துத்தான் வரும். அவர் தூரத்தில் சுவரோரமாக நின்று பாடினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். அதாவது இந்தத் தாமதம் 0இல் இருந்தால் பாடகர் தூரத்தில் இருக்கிறார் என்று காது நினைக்கிறது. 30இலிருந்து 60 மில்லிசெகண்ட் வரை வைத்தால் இடம் பெரியது, ஆனால் ஆள் பக்கத்தில் என்று தோன்றுகிறது. வார்த்தையின் முதல் எழுத்து எந்தக் கலப்பும் இல்லாமல் காதில் விழுந்துவிடுகிறது, அதற்கப்புறம்தான் முழக்கம் கிளம்புகிறது. அத்தையின் தாலாட்டை நான் சரிசெய்தது பெரும்பாலும் இந்த ஒரு குமிழால்தான்.

தாளத்தோடு ஒட்ட வைக்கக் கணக்கு உண்டு. 60,000ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால்) வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 90 பிபிஎம் என்றால் ஏறக்குறைய 667, அதைப் பதினாறால் வகுத்தால் 42. இங்கிருந்து தொடங்கி, காது சொல்கிறபடி முன்பின் நகர்த்துங்கள். ரொம்பவும் கூட்டிவிடாதீர்கள், 80ஐத் தாண்டினால் முழக்கம் குரலிலிருந்து பிரிந்து தனி எக்கோவாகக் கேட்கத் தொடங்கும்.

ஸ்டீரியோ விட்த் முழக்கத்தை இடமும் வலமும் எவ்வளவு விரிப்பது என்பதற்கு. முக்கியக் குரலுக்கு முழுசாக விரிக்கலாம், நடுவில் நேர்க்குரல் நிற்க இடம் கிடைக்கும். லோபாஸ் (மேல்தொனியை வெட்டுவது), ஹைபாஸ் (அடித்தொனியை வெட்டுவது) இரண்டும் பிளகினிலேயே இருக்கின்றன, ஆனால் அந்த வேலையை நான் தனி ஈக்யூவிடம் கொடுக்கிறேன்.

ரிவெர்புக்கு முன்னால் ஈக்யூ

கூடம் டிராக்கில் ரியாவெர்பேட்டுக்கு மேலே ரியாஈக்யூவைச் சேருங்கள். எஃப்எக்ஸ் ஜன்னலில் பெயரைப் பிடித்து மேலே இழுத்தால் போதும், சமிக்ஞை மேலிருந்து கீழேதான் ஓடுகிறது. ஒரு பேண்டை ஹைபாஸாக மாற்றி 300 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மேலே ஏற்றுங்கள். குரலின் அடித்தொனி, மைக்கில் மோதும் காற்று, மிருதங்கமோ தபலாவோ பக்கத்தில் இருந்தால் அதன் கும்கும், இவையெல்லாம் ரிவெர்புக்குள் போனால் சேறுதான் கிளம்பும். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவின் பெயரிலேயே வழங்கிவரும் ஒரு பழக்கம், 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ரிவெர்புக்கு அனுப்புவது. அங்கே அந்தக் காலத்தில் புழங்கிய ரிவெர்ப் கருவிகளில் ஒன்று, ஜெர்மனியில் 1957இல் வந்த இஎம்டி 140. ஒரு பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக்கட்டி அதிரவிடும் கருவி, எடை ஏறக்குறைய 270 கிலோ. அதற்குச் செய்தது இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரிவெர்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

என் கருத்தில், சகரம் அதிகமாகச் சீறும் குரலுக்கு மேல்வெட்டை 10,000இல் நிறுத்த வேண்டாம், 6,000 வரைக்கும் இறக்குங்கள். ரிவெர்பை மட்டும் சோலோ போட்டுக் கேட்டால் மூடிய பானைக்குள் இருந்து வருவது போல மங்கலாக இருக்கும், பயப்படாதீர்கள். முழுப் பாட்டோடு கேட்கும்போது அது குரலின் நிழல் மாதிரி பின்னால் போய் நிற்கும். சோலோவில் அழகாக இருக்கிற ரிவெர்ப் பெரும்பாலும் பாட்டில் அதிகமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு அனுப்புவது

பாட்டை ஓடவிட்டு, சென்ட் ஃபேடரை முழுசாகக் கீழே இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 'ஆ, ரிவெர்ப் கேட்கிறது' என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டெசிபெல் குறையுங்கள். இப்போது கூடம் டிராக்கை மியூட் செய்து பாருங்கள். குரல் திடீரென்று வெறுமையாகி நின்றால் அளவு சரி. மியூட் செய்தும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். காது ரிவெர்புக்குச் சீக்கிரம் பழகிவிடும், அரை மணி நேரம் கேட்ட பிறகு எந்த அளவும் குறைவாகவே தோன்றும், அதனால் இந்த முடிவை எடுப்பதற்கு முன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பாட்டின் வரிகளைப் படித்தே இராத ஒருவரை, வீட்டில் யாராக இருந்தாலும் சரி, உட்கார வைத்து ஒரு சரணம் போட்டுக்காட்டி என்ன வார்த்தை என்று எழுதச் சொல்லுங்கள். நமக்கு வரிகள் மனப்பாடம், எவ்வளவு கரைந்திருந்தாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். அவர் 'கலை' என்று எழுதி, பாட்டில் இருப்பது 'களை' என்றால் அது உச்சரிப்பாகவும் இருக்கலாம், ஆனால் ஒற்றெழுத்துகள் விழுந்து விழுந்து போகின்றன என்றால் முழக்கம்தான் காரணம், திரும்பப் போய் வாலைக் குறையுங்கள். அப்புறம் மாஸ்டர் டிராக்கில் மோனோ பொத்தானை அழுத்தி ஒரு தடவை கேளுங்கள். ஒரே ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் நிறைய, அகலமாக விரித்த முழக்கம் அங்கே நடுவில் குவிந்து குரல்மேலேயே உட்காரும்.

பாடும்போது ஒதுங்கி, நிறுத்தும்போது விரியும் ரிவெர்ப்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. குரல் வரும்போது முழக்கம் தானாக அமுங்க வேண்டும், அடி முடிந்ததும் மெல்ல எழ வேண்டும். கூடம் டிராக்கில் ரியாவெர்பேட்டுக்குக் கீழே ரியாகாம்பைச் சேருங்கள். குரல் டிராக்கிலிருந்து கூடத்துக்கு இரண்டாவதாக ஒரு சென்ட் போட்டு, அது போய்ச் சேரும் சேனலை 1/2க்குப் பதிலாக 3/4 என்று மாற்றுங்கள். ரியாகாம்பில் டிடெக்டர் இன்புட் என்ற இடத்தில் ஆக்ஸிலரி இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ரியாகாம்ப் முழக்கத்தைக் கேட்காமல் நேர்க்குரலைக் கேட்டு முழக்கத்தை அமுக்கும். ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது) 3க்கு 1, அட்டாக் (எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்குவது) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (எவ்வளவு நேரத்தில் விடுவிப்பது) 250இலிருந்து 300 மில்லிசெகண்ட், பாடும்போது நாலைந்து டெசிபெல் குறையும்படி திரெஷோல்டை (எந்தச் சத்த அளவுக்கு மேல் அமுக்குவது என்ற வரம்பை) இறக்குங்கள்.

ரிலீஸ்தான் இதில் உயிர். குறைத்து வைத்தால் வார்த்தைக்கு வார்த்தை முழக்கம் குதித்துக் குதித்து எழும், மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். அடி முடிந்த பிறகு மட்டும் எழும்படி கூட்டி வையுங்கள். இப்படி வைத்தால் சாதாரணமாகத் துணியாத அளவுக்கு நீளமான வாலைக்கூட வைத்துக்கொள்ளலாம், வார்த்தை கெடாது.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் முழக்கம் வேண்டும், அடியின் கடைசிச் சொல் வானத்தில் எறிந்த மாதிரி போக வேண்டும் என்றால் அது ஆட்டோமேஷன் வேலை, அதாவது பாட்டு ஓடும்போது அளவு தானாக ஏறி இறங்கும்படி வரைந்து வைப்பது. குரல் டிராக்கின் சென்டுக்கு வால்யூம் என்வலப்பை (அளவைக் காட்டும் கோட்டை) திறந்து, அந்தச் சொல்லின்மேல் மட்டும் ஷிஃப்ட் பிடித்துப் புள்ளிகள் வைத்து ஆறு டெசிபெல் ஏற்றி இறக்குங்கள். ஒரு பாட்டில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம்.

உங்கள் ஊர் மண்டபமே பிளகினுக்குள்

ரியாவெர்பேட் கணக்குப் போட்டு ஒரு கற்பனைக் கூடத்தை உருவாக்குகிறது. ரியாவெர்ப் வேறு ஜாதி, அது நிஜமான இடத்தின் ஒலிப்பதிவை வாங்கிக்கொண்டு உங்கள் குரலை அந்த இடத்தில் பாடியது போல ஆக்கும். இதற்கு வேண்டியது அந்த இடத்தில் ஒரு சின்ன வெடிச்சத்தத்தின் பதிவு, அதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். காலியான கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட் மாடிப்படி, பள்ளிக்கூட வராண்டா, எதுவும் ஆகும். பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, சத்தமில்லாத நேரத்தில் போங்கள். ரெக்கார்டரை ஒரு ஸ்டாண்டில் வைத்து, சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்து, வேவ் கோப்பாகப் பதிவு செய்தபடி நாலைந்து மீட்டர் தள்ளி நின்று ஒரு பலூனை ஊசியால் குத்துங்கள். லெவலை நன்றாகக் குறைத்தே வையுங்கள், வெடிப்பின் உச்சி உடைந்துபோனால் அந்தப் பதிவு உதவாது. முழக்கம் முழுசாக அடங்கும் வரை மூச்சுவிடாமல் நில்லுங்கள். ஐந்தாறு தடவை செய்து, நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து, வெடிப்பு தொடங்கும் நொடிக்கு முன்னால் இருப்பதை ஒட்ட வெட்டி, கடைசியை மெல்ல ஃபேட் செய்து சேமியுங்கள். ரியாவெர்பில் ஆட் பொத்தானை அழுத்தி, ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். முன்னால் சொன்ன ஈக்யூ, ரியாகாம்ப் எல்லாம் இதற்கும் அப்படியே. அத்தை சின்ன வயதில் பாடிய வீட்டின் முற்றத்தில் இப்படி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வால் அரை வினாடிகூட இல்லை. தாலாட்டுக்கு இப்போது நிற்பது அதுதான்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பாடும்போதே ஹெட்போனில் கொஞ்சம் ரிவெர்ப் கேட்டால் பலருக்குச் சுருதி நன்றாக நிற்கும். சென்டில் இருப்பதால் பதிவாவது சுத்தமான குரல்தான், தாராளமாகக் கொடுங்கள். பாடுவது ஹெட்போனில் தாமதித்துக் கேட்காமல் இருக்க, ஆடியோ பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை) அப்போது 128க்கு இறக்குங்கள், 48,000 ஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு. மிக்ஸ் செய்யும்போது திரும்ப 1024க்கு ஏற்றிவிட்டால் கம்ப்யூட்டர் திணறாது. கூடம் டிராக் ஒரு தடவை சரியாக அமைந்துவிட்டால் அதன் எஃப்எக்ஸ் ஜன்னலில் வலது கிளிக் செய்து மொத்தச் சங்கிலியையும் சேமித்து வையுங்கள், அடுத்த பாட்டில் தொடக்கப் புள்ளியாக உதவும்.

முடிந்த பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும் ரெண்டர் ஜன்னலில் டெயில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து 4000 மில்லிசெகண்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சொல் முழங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்பு நறுக்கென்று முடிந்துவிடும்.